கரியமில வாயுவும் உப்புமா ரவையும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கரியமில வாயுவை 800 டிகிரி சூட்டில் மின்சாரம் பாய்ச்சி உடைக்கிறார்கள், அது மின்சாரச் சிக்கனமான வழி, அதற்கு நல்ல வினையூக்கி தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நாலு வரி எழுதியிருந்தேன். நாலு வரிக்கு இத்தனை கடிதமா! சிலர் திட்டியும் இருக்கிறீர்கள். திட்டியவருக்கே முதலில் பதில்.

"800 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு அதை மின்சாரச் சிக்கனம் என்கிறீர்கள். வெந்நீர் போட்டாலே கரண்ட் பில் எகிறுகிறது. எழுதுவதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?"
– ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், திருநெல்வேலி

போட்டுப் பார்த்தேன் ஐயா, நீங்கள் வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருக்கக்கூடிய கணக்குதான். ஒரு மோல், அதாவது 44 கிராம் கரியமில வாயுவைக் கார்பன் மோனாக்சைடாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க மொத்தம் 283 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அறைச் சூட்டில் செய்தாலும் உலைச் சூட்டில் செய்தாலும் இந்த மொத்தம் பெரிதாக மாறாது. மாறுவது என்னவென்றால், அதில் எவ்வளவு கட்டாயம் மின்சாரமாகவே வர வேண்டும் என்பது. அறைச் சூட்டில் 257 கிலோஜூல் மின்சாரமாகவே தர வேண்டும். 800 டிகிரியில் சுமார் 189 போதும், மிச்சத்தை வெப்பமாகக் கொடுத்துக்கொள்ளலாம்.

சரி, அந்த வெப்பமும் காசுதானே என்று கேட்பீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. எந்த மின்பகுப்புக் கருவியிலும் உள்ளே இருக்கும் தடையால் கொஞ்சம் மின்சாரம் சூடாக மாறியே தீரும். அறைச் சூட்டில் ஓடும் கருவியில் அந்தச் சூடு தண்டம், அதைத் தணிக்க வேறு தனியாகச் செலவு செய்ய வேண்டும். இங்கேயோ வினைக்கே சூட்டுப் பசி, தடையால் பிறந்த சூட்டை அது அப்படியே விழுங்கிக்கொள்கிறது. ஏறத்தாழ 1.47 வோல்ட்டில் ஓட்டினால் பிறக்கும் சூடும் விழுங்கும் சூடும் சரிக்குச் சரியாகிவிடும். உள்ளே வரும் வாயுவை வெளியே போகும் வாயுவே சூடாக்கும்படி குழாய்களை அமைத்துவிடுவார்கள். நன்றாகக் கம்பளி போர்த்திய மாதிரி வெப்பக்காப்பும் இருந்தால், ஒரு தடவை ஏற்றிய சூட்டைத் தக்கவைக்க ஆகும் செலவு நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு.

நம் பில் கணக்கில் சொல்வதானால், அந்த 1.47 வோல்ட்டில் ஒரு கிலோ கார்பன் மோனாக்சைடுக்கு சுமார் 2.8 யூனிட். அறைச் சூட்டில் ஓடும் கருவிகள் பெரும்பாலும் 3 வோல்ட்டைச் சுற்றி ஓடுகின்றன, அப்படியானால் ஐந்தரை யூனிட்டைத் தாண்டும். அதோடு அவற்றில் இன்னொரு தொல்லையும் உண்டு. உள்ளே விடும் கரியமில வாயுவில் பாதி வரைக்கும் கார்பனேட்டாக மாறி மறுபக்கம் நழுவிப்போய்விடும். அடுப்பு வைத்தவன்தான் இந்த இடத்தில் சிக்கனக்காரன். ஆனால் ஒரு நிபந்தனை, அடுப்பை அணைக்கக் கூடாது. தினமும் ஏற்றி இறக்கினால் பில்லும் ஏறும், பீங்கானும் விரிசல் விடும்.

"உள்ளே என்னதான் நடக்கிறது? வினையூக்கி எந்த இடத்தில் வருகிறது? சுருக்கமாகச் சொல்லவும்."
– தொழிற்சாலைப் பொறியாளர், ஓசூர்

'சுருக்கமாக' என்பதற்கு அடிக்கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். முடியாது, மன்னிக்கவும்.

ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய மூன்று மெல்லிய பீங்கான் தகடுகளை மனதில் கொண்டுவாருங்கள், இந்த அடுக்கைத்தான் செல் என்பார்கள். நடுவில் சிர்கோனியா, அதாவது சிர்கோனியம் ஆக்சைடு, அதில் கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடு கலந்திருக்கும். சிர்கோனியம் இருக்க வேண்டிய இடத்தில் மின்னேற்றம் ஒன்று குறைந்த இட்ரியம் உட்காருவதால் கணக்கு நேர் செய்ய அங்கங்கே ஆக்சிஜன் இடங்கள் காலியாகிவிடும். பஸ்ஸில் காலி சீட் இருந்தால்தானே ஆள் மாறி உட்கார முடியும்! சூடேறியதும் ஆக்சிஜன் அயனிகள் அந்தக் காலி இடங்கள் வழியாகத் தாவித் தாவி மறுபக்கம் போய்ச் சேரும். குளிர்ந்துவிட்டால் நகராது, வெறும் பீங்கான்தான். இது ஒன்றும் புது வித்தை இல்லை. ஜெர்மானிய வேதியியலாளர் வால்தர் நெர்ன்ஸ்ட் 1897-லேயே இதே கலவைக் குச்சியில் மின்சாரம் விட்டு விளக்கு எரித்தார். அந்த விளக்கையும் முதலில் சூடுகாட்டினால்தான் எரியும்.

ஒரு பக்கத் தகட்டில் கரியமில வாயு வந்து மோதும். அங்கே இரண்டு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஒரு ஆக்சிஜனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு கார்பன் மோனாக்சைடாக வெளியேறும். கழன்ற ஆக்சிஜன் நடுத்தகட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் ஜோடி சேர்ந்து ஆக்சிஜன் வாயுவாக வரும். இந்த இரண்டு ஓரத் தகடுகளையும் முனை என்பார்கள். கழற்றும் வேலை நடக்கிற அந்த முதல் முனையில்தான் வினையூக்கி இருக்கிறது. பல காலமாக அங்கே இருப்பது நிக்கல் தூளும் சிர்கோனியாவும் கலந்த கலவை. நிக்கல் விலை மலிவு, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், கரியமில வாயுவைக் கழற்றுவதிலும் கெட்டிக்காரன்.

அப்புறம் என்ன பிரச்சினை என்றால், அவனுக்கு ஆயுசு கெட்டியில்லை. நிக்கல் உருகுவது 1455 டிகிரியில், 800-ல் உருகாதுதான். ஆனால் சித்திரை வெயிலில் தார் ரோட்டைப் பாருங்கள், உருகி ஓடாவிட்டாலும் செருப்பில் ஒட்டும் அளவுக்கு இளகிவிடுகிறதே. உலோகமும் அப்படித்தான், உருகுநிலையில் (கெல்வின் கணக்கில்) பாதியைத் தாண்டியதும் அதன் அணுக்கள் நடமாட ஆரம்பித்துவிடும். நுண்துகள்கள் மெல்ல ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகும். உருண்டை பெரிதாக ஆக வாயு தொடும் பரப்பு குறையும், வேலை மந்தமாகும், அதே உற்பத்திக்கு வோல்ட்டைக் கூட்ட வேண்டிவரும், நான் மேலே போட்ட சிக்கனக் கணக்கு அங்கேயே கெட்டுப்போகும். ஆற்றல் சிக்கனம் என்பது முதல் நாள் எடுக்கும் அளவு மட்டும் இல்லை, அது எத்தனை நாள் நிற்கிறது என்பதுதான் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

புகைக்கரி இன்னொரு வியாதி. இரண்டு கார்பன் மோனாக்சைடு சந்தித்தால் ஒன்று மற்றொன்றின் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி கரியமில வாயுவாகி, பிடுங்கக் கொடுத்தது கரியாக நிக்கலின்மேல் படிந்துவிடும். பூடுவார் வினை என்பார்கள். சூடு 700 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க இதன் ஆட்டம் கூடும். கொடுமை என்னவென்றால் இந்த வினைக்கும் நிக்கலே நல்ல ஊக்கி! கரி இழை இழையாக வளர்ந்து நிக்கல் துகளையே இருந்த இடத்திலிருந்து பெயர்த்துத் தூக்கிவிடும். சரி, கார்பன் மோனாக்சைடே குறைவாக இருக்கட்டும் என்றால், அதுவும் ஆகாது. சுத்தமான கரியமில வாயு சூட்டில் நிக்கலையே ஆக்சைடாக்கிவிடும், ஆக்சைடானது பருத்து வீங்கும், பக்கத்துப் பீங்கான் வெடிக்கும். அதனால் வெளியே வந்த கார்பன் மோனாக்சைடில் கொஞ்சத்தை எடுத்து மறுபடி உள்ளே விடுகிறார்கள். இந்தப் பக்கம் துரு, அந்தப் பக்கம் கரி, நடுவில் ஒற்றையடிப் பாதை.

கந்தகத்தை மறந்துவிட்டேன். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நிக்கல் முனை சோர்ந்துவிடும். டென்மார்க்கின் ரீசோ ஆய்வகத்தார் உள்ளே விடும் வாயுவைச் சுத்தப்படுத்தி விட்டுப் பார்த்தபோது, அதுவரை 'முனை தேய்கிறது' என்று நினைத்ததில் பெரும்பகுதி வாயுவில் வந்த அழுக்கு செய்த வேலை என்று தெரிந்தது.

"சுவிட்சர்லாந்தில் 90 சதவீதத் திறன் என்று செய்தி வந்ததே, உண்மையா, வழக்கமான பரபரப்பா?"
– வாசகி, சென்னை

உண்மை. திறன் என்றால், கொடுக்கும் ஆற்றலில் எத்தனை பங்கு விளைபொருளில் போய்ச் சேருகிறது என்பது. லோசான் நகரில் உள்ள இ.பி.எஃப்.எல். தொழில்நுட்பக் கழகத்தில் ஷிலே ஹூ குழுவினர் செய்தது, 2025-ல் நேச்சர் ஆய்விதழில் வந்தது. சமையல் தெரிந்தவர்களுக்கு இதைச் சட்டென்று விளக்கிவிடலாம். உப்புமாவுக்கு ரவையை நெய்விட்டு ஏன் வறுக்கிறோம்? ஒவ்வொரு மணியின்மேலும் ஒரு பூச்சு ஏறினால் கொதிநீரில் போட்டதும் கட்டி தட்டாது. அவர்களும் உலோகத் துகளின்மேல் ஒரு பூச்சு ஏற்றினார்கள், நெய்க்குப் பதில் சமாரியம் கலந்த சீரியம் ஆக்சைடு. உள்ளே இருப்பதும் வெறும் நிக்கல் இல்லை, கோபால்ட்டும் நிக்கலும் சேர்ந்த உலோகக்கலவை.

நெய் உவமை பாதி தூரம்தான் வரும். உப்புமாவில் நெய் சும்மா தடுப்பு, இங்கே அந்தப் பூச்சும் வேலைக்காரன். சீரியம் ஆக்சைடு தன் ஆக்சிஜனைச் சுலபமாக விட்டுக்கொடுத்துச் சுலபமாகத் திரும்ப வாங்கும், அதனால் அதன் மேற்பரப்பில் காலி இடங்கள் நிறைய, கரியமில வாயு வந்து ஒட்டிக்கொள்ள அவை வசதி. உலோகக்கலவையின் விகிதத்தைப் பதம் பார்த்து வைத்ததில், உருவான கார்பன் மோனாக்சைடை அது அளவாகப் பிடிக்கிறது. ரொம்ப இறுக்கிப் பிடித்தால் அடுத்த ஆளுக்கு இடம் கிடைக்காது, பிடிக்கவே இல்லை என்றால் வினையே சரியாக நடக்காது. ஆக, வரும் வாயுவை வரவேற்கிறது, போகும் வாயுவைப் போகவிடுகிறது, துகள்களை ஒட்டவும் விடவில்லை.

எண்களைப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 ஆம்பியர் என்ற கனத்த மின்னோட்டத்தில், 800 டிகிரியோ அதற்கு மேலோ ஓடிய பழைய வினையூக்கிகளின் திறன் பொதுவாக 70 சதவீதத்துக்குக் கீழே, ஆயுள் 200 மணி நேரத்துக்குக் கீழே. இது அதே மின்னோட்டத்தில் 800 டிகிரியில் 90 சதவீதத் திறனோடு 2000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கிடைத்ததில் ஏறக்குறைய முழுவதும் கார்பன் மோனாக்சைடுதான், வேறு கலப்பு இல்லை, உள்ளே விட்ட கரியமில வாயுவில் ஒரே ஓட்டத்தில் 90 சதவீதம் வரை மாற்றிவிட்டது. செய்திகளில் 90-ஐத்தான் பெரிதாகப் போட்டார்கள். எனக்கு அந்த 2000 தான் பெரிது.

ஆனாலும் 2000 மணி என்பது 83 நாள். தொழிற்சாலைக்காரர் ஐந்து வருஷம் ஓடுமா என்று கேட்பார், அது 40,000 மணிக்கு மேல். சோதனைக்கூடத்து வாயு சுத்தமாக இருக்கும், புகைபோக்கி வாயுவில் கந்தகம் இருக்கும். அதோடு வினையூக்கி ஒழுங்காக இருந்தாலும் எதிர்ப்பக்க ஆக்சிஜன் முனை பழைய சுவரில் வண்ணப்பூச்சு உரிவதுபோல உரிந்துவரும் கோளாறு இந்த செல்களில் பழைய தலைவலி. பத்து மடங்கு முன்னேற்றம் என்று மனதாரப் பாராட்டலாம், தொழிற்சாலை வாசலில் வந்து நிற்கிறது என்று நான் எழுத மாட்டேன்.

"நிக்கலை வைத்துக்கொண்டு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? வேறு வழியே இல்லையா சார்?"
– முதுகலை மாணவர், மதுரை

இருக்கிறது தம்பி. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் இர்வின் குழு 2013-ல் காட்டிய வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. உலோகத்தை வெளியிலிருந்து தூவுவதற்குப் பதிலாக, பெரோவ்ஸ்கைட் என்ற வகைப் பீங்கானின் படிகத்துக்குள்ளேயே அதைக் கரைத்து வைத்துவிடுகிறார்கள். பிறகு ஹைட்ரஜன் போன்ற வாயுவில் சூடாக்கினால் உலோகம் உள்ளேயிருந்து முளைத்து மேற்பரப்பில் நுண்துகள்களாக நிற்கும். கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க முயன்றிருந்தால் தெரியும், வேர் கல்லுக்குள் இருக்கும், கையோடு வராது. இந்தத் துகளும் பாதி உடம்பு பீங்கானுக்குள் புதைந்தபடி இருப்பதால் நகராது, ஒட்டாது, அடியில் கரி புகுந்து தூக்கவும் முடியாது. 2016-ல் அதே குழு, ஹைட்ரஜனில் மணிக்கணக்காகச் சூடாக்க வேண்டாம், செல்லுக்குக் கொஞ்ச நேரம் வோல்ட்டேஜ் கொடுத்தாலே சில நிமிடத்தில் முளைத்துவிடும் என்று காட்டினார்கள்.

உலோகமே முக்கியம் இல்லை என்பவர்களும் உண்டு. டென்மார்க், ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் சேர்ந்து 2019-ல் சீரியம் ஆக்சைடு முனையில் கரி படிவது எவ்வளவோ குறைகிறது என்று விளக்கினார்கள். கரியமில வாயு அதன்மேல் ஆக்சிஜனோடு கைகோத்த நிலையிலேயே இருப்பதால் கரியாகும் அளவுக்குப் போகத் தோதில்லை. குறை என்னவென்றால், இந்த ஆக்சைடுகள் எல்லாம் மின்சாரம் கடத்துவதில் நிக்கலுக்குப் பக்கத்தில்கூட வராது. லோசான்காரர்களின் பூச்சு இந்த இரண்டு கட்சிக்கும் செய்துவைத்த சமாதானம் என்று நான் பார்க்கிறேன்.

"கரியமில வாயுவை ஒழிக்கிறேன் என்று அதைவிடக் கொடிய விஷ வாயுவை உண்டாக்குவது எந்த ஊர் நியாயம்?"
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

நியாயமான பயம் அம்மா. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் இதை யாரும் காற்றில் விடப்போவதில்லை, குழாய்க்குள்ளேயே அடுத்த வினைக்குப் போய்விடும். ஹைட்ரஜனோடு சேர்த்தால் மெத்தனால் செய்யலாம். 1920-களில் ஜெர்மனியில் ஃபிஷர், ட்ராப்ஷ் இருவரும் கண்டுபிடித்த முறையில் டீசல்கூடச் செய்யலாம். கரியமில வாயு எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி, எதிலும் சுலபமாகச் சேராது. கார்பன் மோனாக்சைடு இன்னும் எரியக்கூடிய விறகு. விஷ வாயுவை லாரியில் ஏற்றி ஊர் வழியே கொண்டுபோவதைவிடத் தேவைப்படும் ஆலையிலேயே செய்துகொள்வது நல்லது என்பதும் இந்த செல்களுக்கு ஆதரவான ஒரு வாதம்.

"செவ்வாய்க் கிரகத்தில் ஆக்சிஜன் தயாரித்தார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?"
– பள்ளி மாணவி, நாகர்கோவில்

ஒன்றேதான்! நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தியில் மாக்சி என்ற பெட்டி இருந்தது. செவ்வாயின் காற்றில் 95 சதவீதம் கரியமில வாயு, ஆனால் மிக மெல்லிய காற்று. அதை அழுத்திச் சேர்த்து, 800 டிகிரிக்குச் சூடாக்கி, இதே மாதிரி சிர்கோனியாத் தகட்டில் உடைத்தார்கள். 2021 ஏப்ரல் 20 அன்று முதல் முறை 5.4 கிராம் ஆக்சிஜன் வந்தது. 2023 ஆகஸ்டு வரை 16 தடவை ஓட்டி மொத்தம் 122 கிராம். ஒரு டம்ளர் சர்க்கரை எடைகூட வராது என்று சிரிக்காதே. வேறொரு கிரகத்தின் காற்றிலிருந்து மனிதன் எடுத்த முதல் ஆக்சிஜன் அது. அங்கே ஆக்சிஜன்தான் சரக்கு, கார்பன் மோனாக்சைடைத் திறந்து விட்டுவிட்டார்கள், நம் கதைக்கு நேர் எதிர். ஆனால் துருவுக்கும் கரிக்கும் நடுவே அந்த ஒற்றையடிப் பாதை என்றேனே, அதில் அவர்களும் அடிமேல் அடி வைத்துத்தான் நடந்தார்கள். அங்கேயும் நிக்கல் முனைதான், அங்கேயும் கார்பன் மோனாக்சைடில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டார்கள்.

நான்கு பேரைச் செவ்வாயிலிருந்து ராக்கெட்டில் கிளப்ப சுமார் 25 டன் ஆக்சிஜன் வேண்டும். 122 கிராமிலிருந்து 25 டன்னுக்கு எத்தனை தூரம் என்று நீயே வகுத்துப் பார்.

"எண்ணூர்ப் புகைபோக்கி உச்சியில் இதை ஒன்று மாட்டிவிட்டால் போதுமே?"
– வாசகர், திருவொற்றியூர்

ஆசைதான். ஒரு கிலோ கரியமில வாயுவை உடைக்க, எல்லாம் ஒழுங்காக நடந்தாலும், சுமார் 1.8 யூனிட் வேண்டும். இந்திய மின்தொகுப்பிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு எங்கோ ஒரு அனல் மின்நிலையத்தில் வெளியேறுகிறது. 1.8-ஐ 0.7-ஆல் பெருக்குங்கள். ஒரு கிலோவை உடைக்க ஒன்றே கால் கிலோவை ஊதித் தள்ளியிருப்போம்! அனல் மின்நிலையத்தின் கரண்டை எடுத்து அதே அனல் மின்நிலையப் புகையை உடைப்பது, கிணற்றில் இறைத்து அதே கிணற்றில் ஊற்றுகிற வேலை, கயிறு தேய்ந்ததுதான் மிச்சம். காற்றாலை, சூரிய ஒளி, அணுமின்சாரம் இவற்றில் ஓட்டினால்தான் இதற்கு அர்த்தம். அதிலும் சூரிய ஒளி சாயங்காலம் போய்விடும், அடுப்பை அணைக்கக் கூடாது என்று முதல் பதிலிலேயே சொன்னேன். இரவில் செல்லைச் சூடு ஆறாமல் வைத்திருப்பது இன்னொரு தனிக் கணக்கு.

புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிப்பது மட்டும் நம் ஊருக்குப் புதிது இல்லை. தூத்துக்குடியில் ஒரு சோடா உப்பு ஆலை தன் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கும் அமைப்பை வைத்தது, பிடித்ததைத் தன் உற்பத்திக்கே பயன்படுத்துகிறது. அதற்கு 800 டிகிரியும் வேண்டாம், வினையூக்கியும் வேண்டாம். எல்லாக் கரியமில வாயுவையும் உடைத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"என் மகன் பிளஸ் டூ. இந்தத் துறையில் படிக்க வெளிநாடுதான் போக வேண்டுமா?"
– தந்தை, புதுக்கோட்டை

உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேர பஸ் பயணத்தில் காரைக்குடி. அங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது, 1948-ல் அடிக்கல், 1953-ல் திறப்பு. வேதிப் பொறியியலும் மின்வேதிப் பொறியியலும் சேர்ந்த பி.டெக். படிப்பும் அங்கே உண்டு. இந்த செல்லுக்கு வேண்டிய மூலப்பொருளும் தெற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கிறது. அங்கே பிரிக்கும் சிர்கான் மணல்தான் சிர்கோனியாவுக்கு மூலம், அதே மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் சீரியமும் சமாரியமும் இருக்கின்றன.

பையனை ஒரு நாள் காரைக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி வாங்கிவிட்டுப் போவது நல்லது.